ஓய்வெடுக்கலாம், வாழக்கூடாது

அக்கா,

போன கிழமை பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது மேசையில் கிடந்த சஞ்சிகை ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அட்டையில் ஒரு பெண். மழைச் சப்பாத்து, கம்பளிச் சட்டை, கக்கத்தில் ஒரு மண்ணிறக் கோழி. கோழியின் கால்களை விரல்களுக்கிடையில் பிடித்து, அதன் தலையைத் தன் முழங்கைக்குப் பின்னால் விட்டிருந்தாள். நீங்களும் அப்படித்தான் பிடிப்பீர்கள். உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. இப்போதெல்லாம் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

உள்ளே பக்கம் பக்கமாகப் படங்கள். நகரத்து வேலையை விட்டுவிட்டுப் பழைய பண்ணை வீடொன்றை வாங்கிக் குடியேறிய இளம் தம்பதி. தங்கள் மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டு, தங்கள் விறகில் குளிர்காய்கிறார்களாம். முன்பு அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்ததாம். வெறுங்காணியில் குடியிருந்து சில வருடம் பயிர்செய்து காட்டினால் அது உங்களுக்கே சொந்தமாகிவிடுமாம். அந்தக் காணி அதற்கு முன் யாருடையது என்று ஒரு வரியும் இல்லை. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில், சிறிய எழுத்தில், ஓர் எச்சரிக்கை: காணி வாங்குமுன் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உண்டா என்று கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

அந்தச் சிறிய எழுத்துத்தான் உங்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றி ஒருவரும் பெரிய எழுத்தில் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் அந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில், "கத்தியை இப்பிடிப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள உனக்கு விரல் இராது, பிள்ளை" என்றுதான் என்னோடு முதன்முதலாகப் பேசினீர்கள். நான் பிறகு படித்து, நோய்க் காப்புறுதி அலுவலகமொன்றில் மேசை வேலைக்குப் போய்விட்டேன். நீங்கள் ஓய்வூதியம் வரும்வரை அந்தச் சமையலறையிலேயே நின்றீர்கள். கணவர் போனபின், மகள் கலியாணம் முடித்து ஸ்டுட்கார்டுக்குப் போனபின், நான்காம் மாடியில் அந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தீர்கள். அப்போதுதான் கட்டடம் கைமாறியது. புதிய உரிமையாளர் கடிதம் போட்டார்: வீடு தன் மகனுக்கு வேண்டுமாம். சொந்தத் தேவை. சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். மகன் அங்கே வந்து குடியிருந்தானா என்று நான் பிறகு போய்ப் பார்த்தேன். வாசலில் அழைப்புமணிப் பலகையில் ஏதோவொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது.

வாடகை வீடு பார்க்க உங்களோடு நானும் அலைந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் படிக்கட்டு முழுவதும் வரிசை. ஓய்வூதியக் காகிதத்தைப் பார்த்ததும் அவர்கள் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பித் தருவார்கள். மூன்றாவதோ நான்காவதோ வீட்டிலிருந்து இறங்கி வரும்போது நின்றீர்கள்.

"இனி நான் ஒருத்தனிட்டயும் இருக்க இடம் கேக்க மாட்டன்" என்றீர்கள். "என்ர காசில ஒரு துண்டு நிலம் வாங்கப்போறன்."

வாங்கினீர்கள். பேர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு பேருந்து, பிறகு பைன் மரங்களுக்கிடையே நடை. கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் தொழிலாளர்கள் வார இறுதியில் வந்து தங்குவதற்காகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அதில் ஒன்று, கிணற்றோடும் இரும்பு அடுப்போடும் நான்கு அப்பிள் மரத்தோடும் உங்களுடையதானது. காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியது. உறுதி முடித்துத் தந்த நொத்தாரிசுவின் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, வீதி என்றும் பாராமல், அந்தத் தாளை ஒரு முறை சத்தமாக வாசித்தீர்கள்.

கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்: "தனியப்போய் காட்டுக்குள்ள இருக்கிறாவாம். ஊர் ஞாபகம் போல, பாவம்." உங்களுக்கு அதைக் கேட்டாலே பற்றி எரியும். நீங்கள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் புடைவைக்கடைக்கு மேல்மாடியில் பிறந்து வளர்ந்தவர். மண்வெட்டியை முதன்முதலாகப் பிடித்ததே பேர்லினைச் சுற்றியுள்ள இந்தப் பிராண்டன்பூர்க்கில், அறுபதைத் தாண்டிய பிறகு. உருளைக்கிழங்கு, லீக்ஸ், பூசணி, அவரை எல்லாம் நூலகத்தில் எடுத்த ஜேர்மன் புத்தகங்களைப் பார்த்து நட்டீர்கள். முதல் வருடம் பாதியை நத்தை தின்றது. இரண்டாம் வருடம் எனக்கு ஒரு சாக்குக் கிழங்கு தந்தீர்கள், தோளில் சுமந்துகொண்டு பேருந்துக்கு வந்தேன்.

"ஊர் ஞாபகமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை" என்பீர்கள். "ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லாத ஒரு இடம். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பாதிப்பேர் வருடம் முழுவதும் அங்கேதான் இருந்தார்கள். குளிர்காலத்தில் புகைபோக்கிகளைப் பார்த்தாலே விளங்கும். அடுத்த காணியில் ஊவே, ஓய்வுபெற்ற லொறிச் சாரதி, விவாகரத்துக்குப் பின் வந்தவர். முகவரிப் பதிவில் அவர் தன் சகோதரியின் வீட்டில் இருந்தார். உண்மையில் உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். விறகு எப்படி அடுக்குவது என்று காட்டித் தந்தவர் அவர். உங்கள் பருப்புக் கறிக்காகவே சனிக்கிழமைகளில் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு வருவார்.

"பேர்லினில் யாராவது சிநேகிதியின் முகவரியில் பதிந்துகொள்ளுங்கள்" என்று அவர்தான் சொன்னார். "எல்லாரும் அப்படித்தான். கேட்டால்தான் பிரச்சினை."

என் முகவரியைத் தருகிறேன் என்று நானும் சொன்னேன். நீங்கள் அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கொழும்பில லொட்ஜில இருந்த காலத்தில, வாகனச் சத்தம் கேட்டா லைட்டை நூப்பம். இஞ்ச வந்து முதல் வருசம், படிக்கட்டில சப்பாத்துச் சத்தம் கேட்டா மூச்சை அடக்குவன். என்ர சொந்தக் காணிக்குள்ளயும் அப்பிடி இருக்கச் சொல்லுறியோ? ஏலாது, பிள்ளை. தபால்பெட்டியில என்ர பேர் இருக்க வேணும்."

நகரசபைக்குப் போய் அன்மெல்டுங் செய்தீர்கள், இன்ன முகவரியில் குடியிருக்கிறேன் என்று. எங்கே இருக்கிறீர்களோ அங்கே பதிய வேண்டும் என்பது சட்டம், அதனால் பதிந்தார்கள். அங்கே இருக்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் அடுத்த அறைக்குத் தகவல் போனது. ஒரு சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததால் இன்னொரு சட்டத்தில் அகப்பட்டீர்கள். பொய் சொன்னவர்கள் அகப்படவில்லை.

கட்டட அலுவலகம் நாள் குறித்து உங்களை அழைத்தது. அந்த டேர்மினுக்கு நானும் வந்தேன். அதிகாரி மரியாதையானவர், தண்ணீர் ஊற்றித் தந்தார். வரைபடத்தை விரித்து, அது ஓய்வுக்கான பிரதேசம் என்று விளக்கினார். அங்கே வரலாம், இளைப்பாறலாம், தோட்டம் செய்யலாம், இடைக்கிடை இரவு தங்கவும் செய்யலாம். ஆனால் அங்கே வாழக்கூடாது.

"சனிக்கிழமை படுக்கலாம் எண்டா செவ்வாய்க்கிழமை படுத்தா என்ன?" என்று கேட்டீர்கள். நான் மொழிபெயர்க்குமுன் நீங்களே ஜேர்மனில் கேட்டுவிட்டீர்கள்.

"உங்கள் வாழ்வின் மையம் அங்கே இருக்கக்கூடாது" என்றார் அவர்.

அது சட்டத்தில் உள்ள சொல்தான். இருந்தும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்வதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நீங்கள் விடவில்லை. என் சாப்பாட்டை நானே விளைவிக்கிறேன், அப்படியென்றால் நான் விவசாயி, விவசாயிக்குத் தன் நிலத்தில் வீடு வைத்திருக்க உரிமை உண்டுதானே என்று கேட்டீர்கள். அவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். விவசாயி என்றால் இலாபத்துக்காகத் தொடர்ந்து நடத்தும் தொழில் இருக்க வேண்டும். தன் வயிற்றுக்கு விளைவிப்பவர் விவசாயி அல்ல, பொழுதுபோக்குக்காரர்.

விற்றால் தொழில், தின்றால் பொழுதுபோக்கு. இந்த வரையறையை எழுதியவருக்கு ஒருநாளும் பசித்திருக்காது, அக்கா.

நியாயமாகவே சொல்கிறேன்: அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று எனக்கு விளங்கும். காட்டையும் வயலையும் வீடுகள் தின்றுவிடக் கூடாது. தீயணைப்பு வண்டி போக வழி வேண்டும், கழிவுநீர் போக இடம் வேண்டும். சரி. ஆனால் அதே ஏரியின் மறுகரையில் விடுமுறை விடுதி கட்ட ஒரு முதலீட்டாளர் வந்தபோது, அதே வரைபடத்தை மாற்றினார்கள். பைன் மரங்களை வெட்டினார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த வீடுகள் வந்தன, வாகனத் தரிப்பிடம் வந்தது, தார் வீதி வந்தது. வரைபடம் கல்லில் செதுக்கியது இல்லை. யார் வந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

எழும்பும்போது அதிகாரி வேறொன்று கேட்டார்: "உங்கள் குடியிருப்பில் வேறு யாராவது நிரந்தரமாக இருக்கிறார்களா?"

"என்னைப் பற்றி மட்டும் கேளுங்கோ" என்றீர்கள்.

பேருந்தில் திரும்பும்போது ஒன்று சொன்னீர்கள், அதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அகதியாக வந்த காலத்தில் உங்களை ஒரு மாவட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போகவும் அனுமதிக் கடிதம் வேண்டும். "அப்ப, இஞ்ச இருந்து போகாத எண்டாங்கள். இப்ப, இஞ்ச இராத எண்டுறாங்கள். இவங்களுக்கு என்னதான் வேணும்?"

தடைக் கடிதம் வந்தது. குறித்த திகதிக்குள் வெளியேறாவிட்டால் தண்டப்பணம். ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனோம். அவர் நல்லவர், உண்மையாகவே உதவ நினைத்தார். ஒரேயொரு பிடிதான் இருக்கிறது என்றார்: பாதிக் குடியிருப்பே அங்கே வாழும்போது ஒருவரை மட்டும் பிடித்து வெளியேற்றுவது தன்னிச்சையான நடவடிக்கை. அப்படி வாதாடலாம். அதற்கு யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், காணி இலக்கம், முடிந்தால் புகைபோக்கியில் புகை வருகிற படம்.

ரயில் நிலையத்தில் எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. எழுதிக் கொடுப்போம் என்றேன். நீங்கள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ர தம்பியை எப்பிடிப் பிடிச்சவங்கள் எண்டு உனக்குச் சொன்னனானோ?"

சொல்லவில்லை. அன்றுதான் சொன்னீர்கள். இராணுவத்தின் சுற்றிவளைப்பில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். உங்கள் தம்பி நடந்தபோது அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். தம்பி திரும்பி வரவில்லை.

"தலையாட்டினவன் கெட்டவன் எண்டு நான் நினைக்கேல்லை" என்றீர்கள். "அவனும் தன்ர வீட்டில ஆரையோ காப்பாத்தத்தான் ஆட்டியிருப்பான். ஆனா நான் ஆட்ட மாட்டன். ஒரு வீட்டுக்காகவும் ஆட்ட மாட்டன்."

நான் வாதாடினேன். இது இராணுவம் இல்லை, யாரையும் கொண்டுபோகப் போவதில்லை, வெறும் கட்டடச் சட்டம் என்றேன். "வீட்டை விட்டு எழுப்புறது வெறும் சட்டமோ?" என்று கேட்டீர்கள். ரயில் வந்தது. பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

இதற்குள் அங்கே வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒருவர் வந்து வீதியில் நின்று வீடுகளைப் பார்த்துவிட்டுப் போனதை எல்லாரும் கண்டிருந்தார்கள். குடியிருப்புச் சங்கம் கூட்டம் வைத்தது. நானும் உங்களோடு வந்து பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். பதிவை மீளப்பெற்றுக்கொண்டு பேசாமல் இருக்கும்படி உங்களிடம் கேட்டார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா, முடியைக் கட்டையாக வெட்டியவர், எழுந்து நின்று சொன்னார்: "நீங்கள் வருமுன் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்."

நீங்கள் எழுந்து, யாரைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றீர்கள். நம்பியதாக ஒரு முகமும் காட்டவில்லை. உங்கள் கறியைச் சாப்பிட்ட ஊவே தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

பெயர்கள் இல்லாமல் வழக்கறிஞர் போட்ட ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. தபால்பெட்டியிலிருந்து பெயரை நீங்களே கழற்றினீர்கள். ஸ்டுட்கார்டில் மகளுடைய வீட்டில் பேரப்பிள்ளைகளின் அறையில் ஒரு கட்டில் போட்டார்கள். கொஞ்சக் காலம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பினீர்கள், சட்டம் சொன்னபடி. கோழிகளை என்ன செய்வது என்று அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது, கோழிகள் அங்கே இருப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார்கள். கிழமை முழுவதும் கோழி வாழலாம். தீனி போடுகிறவர்தான் வாழக்கூடாது. கடைசியில் ஊவே வந்து கூட்டோடு தூக்கிக்கொண்டு போனார். கோழிகளுக்கு ஏதும் என்றால் சொல்லத்தான் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்திருந்தார்.

அந்த நீண்ட ரயில் பயணம் உங்கள் இதயத்துக்கு ஒத்துவரவில்லை. பயணத்தை நிறுத்தினீர்கள். பிறகு மகள் எடுத்த தொலைபேசியில் செய்தி வந்தது.

மரணச் சடங்கில் ஒருவர் பேசினார். புலம்பெயர்ந்த மண்ணிலும் ஊரின் தோட்டத்தை மறக்காமல் வாழ்ந்த தாய் என்றார். சனம் கண்ணைத் துடைத்தது. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அவவுக்கு ஊரில் தோட்டமே இல்லை. அவ இந்த நாட்டில், தன் காசில் வாங்கிய நிலத்தில், தன் பெயரில் வாழக் கேட்டவ. அதை மறுத்தார்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. மகளின் முகத்துக்காகப் பேசாமல் இருந்தேன். ஓர் அநியாயத்தை ஏக்கம் ஆக்கிவிட்டால் எல்லாருக்கும் வசதி. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை.

இனி உங்களுக்குத் தெரியாதது.

போன இலையுதிர்காலத்தில் ஊவே தொலைபேசி எடுத்தார். குடியிருப்பு முழுவதற்கும் கடிதம் வந்துவிட்டதாம். உங்களுக்கு வந்த அதே கடிதம். "உங்கள் சிநேகிதிக்கு நடந்தபோது நீங்கள்தானே கூடப் போனீர்கள், எனக்கு உதவ முடியுமா?" என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட நினைத்தேன். ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டேன்.

கட்டட அலுவலகத்தின் வெளி வாங்கில் இருந்தோம். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். மெலிந்து போயிருந்தார்.

"கோபிக்காதீர்கள்" என்றார். "எங்கள் எல்லாருடைய பெயரையும் அவர்தான் கொடுத்தாரா? அப்படித்தான் அங்கே பேசிக்கொள்கிறார்கள்."

வழக்கறிஞர் சொன்னதைச் சொன்னேன். "உங்கள் பெயரைத்தான் முதலாவதாக எழுதச் சொன்னேன், நான்" என்றேன். "எழுதியிருந்தால் அவ தன் வீட்டில் இருந்திருக்கலாம். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டா. உங்களுக்காகத்தான் அவ ஸ்டுட்கார்டில் பிள்ளைகளின் அறையில் படுத்தா."

ஊவே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வருத்தம் இப்போது வந்து யாருக்குப் பயன் என்றுதான் நினைத்தேன். உள்ளே அழைத்தபோது அவருடைய கோப்பை நானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இப்போது அவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். நாங்கள் இங்கே வாழ்கிறோம், வரைபடத்தை மாற்றுங்கள் என்று நகரசபைக்கு மனுப் போடுகிறார்கள், ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுதி. அந்த மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான். யாரையும் யாரும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அவரவர் தன் பெயரைச் சொன்னால் போதுமாக இருந்தது. அன்றும் அது போதுமாகத்தான் இருந்தது. அன்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, நானும் இங்கேதான் வாழ்கிறேன் என்று சொல்லியிருந்தால் நீங்கள் இன்றைக்கு உங்கள் அடுப்படியில் இருந்திருப்பீர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நகரசபை சம்மதிக்கும் போலத்தான் இருக்கிறது. சம்மதித்தால் சந்தோஷப்படுவேனா என்று தெரியவில்லை.

நீங்கள் அமைதியாகப் போனீர்கள் என்று மகள் சொன்னாள். இருக்கலாம். எனக்கு அந்த அமைதி வரவில்லை. வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நீங்கள் படாமல் விட்டுப்போன கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் மனுவின் ஒவ்வொரு வரியையும் எழுதினேன், அதை வைத்துக்கொண்டுதான் போன சனிக்கிழமை கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். கட்டை முடி வைத்த அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டு, கோப்பி ஊற்றி, தான் செய்த பிளம்ஸ் கேக்கில் ஒரு துண்டு வெட்டி என் முன்னால் வைத்தார். சாப்பிடச் சொல்லி இரண்டு முறை சொன்னார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினேன். அவர் போட்டதும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேக்கைத் தொடாமல் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன்.